எலிக்குக் கொடுக்கும் மருந்து

1

போன மாதம் கொழும்பிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டார். வெளிநாடுகளில் பேர் எடுத்த நம்மவர்களைப் பற்றி ஒரு இணையச் சஞ்சிகையில் தொடர் எழுதுகிறாராம். வெள்ளவத்தையில் வளர்ந்தவள், ஜேர்மனியில் குழந்தைகளின் புற்றுநோயைப் படம்பிடித்து ஆராய்கிற டொக்டர் என்பதால் என்னையும் அதில் சேர்க்க விரும்பினார். மரியாதையாகப் பேசினார். கேள்விகளை முன்கூட்டியே அனுப்பியும் இருந்தார். முதலாவது கேள்வி, நான் கண்டுபிடித்த மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்பது.

நான் எந்த மருந்தையும் கண்டுபிடிக்கவில்லை என்றேன். அடக்கத்தில் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். பேட்டி தர இயலாது என்றதும் காரணம் கேட்டார். சொல்லத் தொடங்கினால் நீளும் என்று அப்போது நிறுத்திக்கொண்டேன். அந்த நீளத்தைத்தான் இப்போது எழுதுகிறேன். இதில் வருகிறவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள் என்பதால் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

2

நான் இருக்கும் நகரத்தில் வருடத்தில் பாதி நாள் வானம் கழுவாத அலுமினியச் சட்டி மாதிரி இருக்கும். காலையில் ட்ராமில் போய் இறங்கி மருத்துவமனையின் நிலக்கீழ்த் தளத்துக்குப் போவேன். பாரமான காந்த இயந்திரங்களை அங்கேதான் வைத்திருக்கிறார்கள். ஜன்னல் கிடையாது. வெளியே பனி பெய்ததா வெயில் எறித்ததா என்று வீட்டுக்குப் போகும்போதுதான் தெரியும்.

ஒரு பிள்ளைக்குப் புற்றுநோய் என்றால் அது உடம்பில் எங்கெங்கே போயிருக்கிறது என்று திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். வழக்கமான ஸ்கான்களில் கதிர்வீச்சு இருக்கிறது. வளர்கிற உடம்பு அது. ஒரு நோயைத் தேடப்போய், பிள்ளை பெரியவளான பிறகு வரக்கூடிய இன்னொரு நோயை நாங்களே உள்ளே வைத்துவிடக் கூடாது. அதனால் கதிர்வீச்சு இல்லாத எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் முழு உடம்பையும் படம் எடுக்கிறோம். அதற்கு முன்னால் இரும்பு நுண்துகள்களை ஊசியால் ஏற்றுவோம். தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராத துகள்கள். நல்ல எலும்பு மச்சை அந்த இரும்பை உள்ளே எடுத்துக்கொண்டு படத்தில் கறுத்துப்போகும். புற்றுநோய் பிடித்த இடம் எடுக்காது, வெளிச்சமாகவே நிற்கும். எங்கள் படங்களில் வெளிச்சம்தான் கெட்ட செய்தி.

இது பிள்ளைகளுக்குச் செய்கிற வேலை. மேல்மாடியில் இன்னொரு வேலை இருந்தது. அதே மாதிரியான துகளில் மருந்தைக் கட்டி அனுப்பினால் அது புற்றுநோய்க்குள் போய் மட்டும் அவிழுமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அதைப் பார்த்தது எலிகளில்.

இயந்திரத்துக்குள் படுக்கும் பிள்ளைகள் பயப்படுவார்கள். நான் டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், ஆறுதல் சொல்லுவேன். வந்து இவ்வளவு காலமாகியும் என் டொச்சில் பிழை இருக்கிறது. சத்தத்துக்கும் மணத்துக்கும் அந்த மொழியில் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான சொற்கள். ஒருநாள் ஒரு சிறுமியிடம், உள்ளே ஒரு பெரிய சத்தம் வரும், பயப்படாதே என்று சொல்ல நினைத்து, பெரிய மணம் வரும் என்று சொல்லிவிட்டேன். அவள் படம் எடுத்து முடியும்வரை மூக்கை உறிஞ்சிக்கொண்டே கிடந்தாள். படங்கள் எல்லாம் அசைந்துபோயின.

என் மகன் கவினுக்குப் பிழை இல்லாமல் டொச் வரும். தமிழ்தான் வராது. நானும் அவனுடைய தகப்பனும் பிரிந்த பிறகு வீட்டில் தமிழ் கேட்கிற நேரமும் குறைந்துபோனது. ஊரிலிருந்து யாராவது கூப்பிட்டால் அவன் எல்லாவற்றுக்கும் 'ஓம்' என்பான். சாப்பிட்டியோ? ஓம். படிக்கிறியோ? ஓம். எப்ப கொழும்புக்கு வாறாய்? ஓம். அப்படிச் சொன்னால் தொலைபேசி சீக்கிரம் வைக்கப்படும் என்று கண்டுபிடித்திருந்தான். சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

3

பிரேமாவும் நானும் வெள்ளவத்தையில் ஒரே தொடர்மாடியில் மேல்வீடு, கீழ்வீடாக வளர்ந்தவர்கள். பம்பலப்பிட்டியில் ஒரே பள்ளிக்கூடம். எனக்கு மருத்துவம் கிடைத்தது. அவள் கணக்கியல் படித்து, ரஞ்சனைக் கல்யாணம் செய்து கொட்டாஞ்சேனைக்குப் போனாள். ரஞ்சனுக்குக் கிராண்ட்பாஸில் ஒரு மின்சாரச் சாமான் கடையில் மேற்பார்வை வேலை. அவர்களுக்கு ஒரே பிள்ளை, அபி. அப்போது பதின்மூன்று வயது. வயதுக்கு மிஞ்சின உயரம். பள்ளிக்கூட வலைப்பந்தாட்டக் குழுவில் இருந்தாள்.

அபிக்கு முழங்கால் நொந்தது. விளையாட்டில் அடிபட்டதாக்கும் என்று எண்ணெய் பூசினார்கள். வீக்கம் இறங்கவில்லை. எக்ஸ்ரே எடுத்த அன்று பிரேமா அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினாள். படத்துக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக் கொடியில் துணி காய்வது தெரிந்தது. முழங்காலுக்குச் சற்று மேலே, தொடை எலும்பின் நுனியில், எலும்பு சூரியக் கதிர் மாதிரி வெளியே சிதறியிருந்தது. மருத்துவ மாணவனுக்கும் முதல் பார்வையில் தெரிகிற படம் அது. நான் அவளிடம் நோயின் பெயரைச் சொல்லவில்லை. இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ, நாளைக்கு என்று வைக்காதே என்று மட்டும் சொன்னேன்.

அவர்கள் போன அரச மருத்துவமனையில் அபியைப் பார்த்தவர் ஒரு சிங்கள டொக்டர், நடுத்தர வயதுப் பெண். அவர் எனக்கும் மின்னஞ்சல் எழுதினார். முதலில் கீமோ, பிறகு சத்திரசிகிச்சை, பிறகு மறுபடி கீமோ. காலைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். முடியாவிட்டால் முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டி வரும். அவர் எழுதிய மருந்துகள்தான் என் மருத்துவமனையிலும் கொடுக்கப்படுபவை. நுரையீரலில் அப்போது ஒன்றும் இல்லை. இந்த நோயில் அதைவிடப் பெரிய நல்ல செய்தி கிடையாது. நான் பிரேமாவுக்கு அதை விளங்கப்படுத்தினேன். அவள் காலைப் பற்றித்தான் அழுதாள்.

4

அந்த நேரத்தில்தான் எங்கள் மருத்துவமனை தன் இணையத்தளத்தில் ஒரு சிறிய குறிப்புப் போட்டது. துகளில் கட்டிய மருந்து எலிகளில் கட்டியைச் சுருக்கியிருக்கிறது என்று அதில் இருந்தது. யாரோ அதைக் கண்டுபிடித்துத் தமிழில் எழுதினார்கள். புற்றுநோய்க்கு முடிவு கட்டிய கொழும்புத் தமிழ்ப் பெண் என்று தலைப்பு. என்னுடைய பழைய படம் ஒன்று, சேலையோடு. எலி என்ற சொல் எந்த இடத்திலும் இல்லை.

நான் அந்தத் தளத்துக்கு எழுதினேன். ஒரு இளைஞர் பதில் போட்டார். நல்ல செய்திதானே அக்கா, ஆக்கள் சந்தோஷப்படுகினம் என்றார். இரண்டாவது முறை எழுதியதற்குப் பதில் வரவில்லை. அதற்குள் பல தளங்கள் அதைப் பிரதி செய்துவிட்டன. என் சொந்தக்காரர்களே ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். வாழ்த்துச் சொன்ன ஒவ்வொருவருக்கும் எலி என்று திருப்பி எழுதினேன். கைகூப்பும் படம் ஒன்று பதிலாக வரும்.

பிரேமா கூப்பிட்டாள். எல்லாம் சொன்னேன். இது எலியில் செய்தது, மனிதருக்கு வரப் பல வருடம் பிடிக்கும், வராமலே போகவும் கூடும், அபிக்குத் தேவையானது இப்போது கொழும்பில் கிடைக்கிற கீமோதான். விளங்குது வாணி என்றாள். பிறகு, அபியை அங்கே கூட்டிவர ஏலாதா என்று கேட்டாள்.

அதற்கும் முயன்றேன். வெளிநாட்டு நோயாளிகளுக்கான அலுவலகத்துக்குப் போனேன். விசாவுக்கு விண்ணப்பிக்க மருத்துவமனை ஏற்றுக்கொண்ட கடிதம் வேண்டும், ஏற்றுக்கொள்ளத் துறைத் தலைவர் கையெழுத்து வேண்டும். என் துறைத் தலைவர் நேர்மையான மனிதர். அந்தப் பிள்ளைக்கு அங்கே இல்லாத எதை நாம் இங்கே கொடுக்கப்போகிறோம் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். உண்மையாகவே இல்லை. பிரேமாவிடம் அதையும் சொன்னேன். அதற்கும் விளங்குது என்றுதான் சொன்னாள்.

பிறகு அவளுடைய செய்திகள் குறைந்தன. கீமோ எப்படிப் போகிறது என்று கேட்டால், போகுது என்று வரும். சில நேரம் உயர்த்திய பெருவிரல் மட்டும் வரும். டொக்டரிடமிருந்தும் ஒன்றும் வரவில்லை. அவருக்கு எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள் என்று நினைத்து நானும் தொந்தரவு செய்யவில்லை.

5

ஓகஸ்ட் விடுமுறையில் கொழும்புக்குப் போனேன். காலமான அம்மாவின் பெயரில் இருந்த, வாடகைக்கு விட்டிருந்த வெள்ளவத்தை வீட்டை விற்பதற்காக என் பெயருக்கு மாற்றி எழுத வேண்டியிருந்தது. ஜேர்மன் கடவுச்சீட்டில் என் பெயர் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் இன்னொரு மாதிரி. இரண்டும் ஒரே ஆள் என்பதற்குச் சத்தியக் கடதாசி கேட்டார்கள். பதிவுக் கந்தோரில் இருந்தவர் சிங்களத்தில் ஏதோ கேட்க, நான் என்னையறியாமல் டொச்சில் பதில் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறந்து வளர்ந்த வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு லொட்ஜில் தங்கியிருந்தேன்.

மறுநாள் பின்னேரம் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அவர்கள் வீடு ஒரு கடைக்கு மேலே, ஒடுக்கமான படி ஏறிப் போக வேண்டும். கதவைத் திறந்தது அபி. ஊன்றுகோலில் நின்றாள். சிரித்தாள்.

அவளுடைய தலையில் முடி இருந்தது.

கீமோ போய்க்கொண்டிருக்கிற பிள்ளைக்குத் தலையில் முடி நிற்காது. அபிக்கு விரலை விட்டால் மறைகிற அளவுக்குக் கறுப்பாக, சுருள் சுருளாக வளர்ந்திருந்தது. நான் அந்த வாசலில் நின்றபடியே நடந்ததை விளங்கிக்கொண்டேன். செருப்பைக் கழற்ற நேரம் எடுத்தேன்.

பிரேமா பின்னால் வந்து மகளின் தலையைத் தடவினாள். "பாத்தியே, எப்பிடி வளந்திருக்கு. முந்தி நேர் முடி. இப்ப சுருள்."

தேத்தண்ணி குடித்தோம். அபி தன் அறைக்குப் போன பிறகு, கடைசியாக எப்போது கீமோ ஏற்றினார்கள் என்று கேட்டேன். பிரேமா ரஞ்சனைப் பார்த்தாள். ரஞ்சன்தான் சொன்னான். பிள்ளை வாந்தி வாந்தியாக எடுத்தாளாம். வாயெல்லாம் புண்ணாகி எச்சில் விழுங்கவும் முடியவில்லையாம். அதற்குப் பிறகு காலையும் வெட்டுவார்கள். மருந்து ஒன்று வரப்போகிறது என்கிறபோது எதற்காகப் பிள்ளையை வதைக்க வேண்டும் என்று இருவரும் யோசித்து, ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து தொலைபேசியில் கூப்பிட்டபோது எடுக்கவில்லை.

"என்ன மருந்து?" என்று கேட்டேன்.

"உன்ர மருந்து" என்றாள் பிரேமா.

நான் அவளிடம் சொன்னது எல்லாவற்றையும் திரும்பச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரியுமாம். அங்கே சட்டம் இருக்குமாம். ஆனால் என் மகன் சொன்னானாம்.

எனக்கு விளங்கவில்லை. அவள் விளங்கப்படுத்தினாள். செய்தி வந்த பிறகு ஒருநாள் அவள் எனக்குக் கூப்பிட்டபோது கவின் எடுத்திருக்கிறான். நான் குளித்துக்கொண்டிருந்தேன் போல. அம்மாவின் மருந்தைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்களா என்று கேட்டிருக்கிறாள். ஓம் அன்ரி. அபிக்கும் கிடைக்குமா? ஓம். கொஞ்ச நாள் பொறுக்க வேண்டுமா? ஓம், ஓம்.

"திருப்பித் திருப்பிக் கேட்டனான் வாணி. ஒவ்வொரு முறையும் ஓம் எண்டுதான் சொன்னவன்."

"பிரேமா, அவனுக்குத் தமிழ் விளங்காது."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "உன்ர பிள்ளைக்கோ?" என்று கேட்டாள்.

பிரேமா குரலை உயர்த்தவில்லை. வீட்டில் அரிசி இருக்கா என்று கேட்கிற குரலில்தான் அடுத்ததையும் கேட்டாள்.

"எலிக்குக் குடுக்கிறாய்தானே. என்ர பிள்ளைக்குக் குடுக்க ஏலாதோ? நான் கையெழுத்து வைக்கிறன். செத்தாலும் உன்னை ஒண்டும் கேக்கமாட்டன்."

"எலி செத்தா நாங்கள் இன்னொரு எலியை எடுப்பம், பிரேமா."

ரஞ்சன் எழும்பிப்போய் அபியின் அறைக் கதவைச் சாத்தினான். அது அதுவரை பாதி திறந்துதான் இருந்தது.

6

அடுத்த நாள் காலை ரஞ்சன் கூப்பிட்டான். அபி என்னோடு தனியாகக் கதைக்க வேண்டுமாம். நான் போனபோது பிரேமா கோயிலுக்குப் போயிருந்தாள். ரஞ்சன் படியில் போய் இருந்துகொண்டான்.

அபி கட்டிலில் காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு இருந்தாள். முழங்கால் ஒரு தேங்காய் அளவுக்கு வீங்கி, தோல் பளபளத்தது. பெருத்திருக்கிறது என்று அறியத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

"அன்ரி, காலை வெட்டினா இது திரும்ப வராதோ?"

"தெரியாது அபி."

"வெட்டாட்டி?"

"வெட்டாட்டி பெருக்கும். சுவாசப்பைக்குப் போகும்."

"இப்ப போயிட்டுதோ?"

"அதுவும் தெரியாது. படம் எடுத்துத்தான் பாக்கவேணும்."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். கீழே தெருவில் ஒரு முச்சக்கர வண்டிக்காரர் யாரோடோ சிங்களத்தில் வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தார். அது முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் எனக்குத் தெரியும், தெரியும் எண்டுதான் சொல்லினம்" என்றாள். "அம்மாவுக்குச் சுகம் வருமெண்டு தெரியும். அப்பாவுக்கு மருந்து வருமெண்டு தெரியும். நீங்கள் ஒராள்தான் தெரியாதெண்டுறீங்கள்."

வெட்டின காலை என்ன செய்வார்கள் என்று கேட்டாள். சோதித்துப் பார்ப்பார்கள், பிறகு எரித்துவிடுவார்கள் என்றேன். இந்தத் தொழிலில் பிள்ளைகள் கேட்கிற கேள்விக்குப் பொய் சொல்லாமல் இருக்கப் பழகியிருக்கிறேன். ஆனால் அவர்கள் டொச்சில் கேட்பார்கள். என் தாய்மொழியில் அப்படி ஒரு கேள்வியை அதுவரை ஒரு பிள்ளையும் என்னிடம் கேட்டதில்லை.

"அப்ப என்ர கால் எனக்கு முன்னால போகுது" என்று சொல்லிச் சிரித்தாள். பகிடிக்குத்தான் சொன்னாள். நானும் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தாள். நான் சிரித்தேன்.

பிரேமா கோயிலால் வந்து திருநீறு பூசியபோது, அபி தானே தாயிடம் சொன்னாள், நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவம் என்று. பிரேமா என்னைப் பார்க்காமலே சரி என்றாள்.

7

டொக்டர் ஏசுவார் என்று பிரேமா பயந்தாள். அவர் ஏசவில்லை. அபியைக் கண்டதும் எழுந்து வந்து அவளுடைய சுருள் முடியைத் தொட்டார். மகளைக் கூப்பிடுகிற மாதிரி "துவ" என்றார். "கமக் நே. தென் ஆவனே" என்றார். பரவாயில்லை, இப்போதாவது வந்துவிட்டீர்களே என்று அர்த்தம். சிங்களம் அவ்வளவு தெரியாத பிரேமாவுக்கும் அது விளங்கியது. அவள் அந்த அறையிலேயே உடைந்துபோனாள்.

அன்றைக்கே நெஞ்சைப் படம் எடுத்தார்கள். படம் பார்க்கிற இருட்டறையில் இருந்த டொக்டர் என் வயதுக்காரர். நானும் அதே தொழில் என்று தெரிந்ததும் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டார். அவர் படங்களை மெதுவாக உருட்டினார். இரண்டு நுரையீரலிலும் வெள்ளைப் பொட்டுகள் வந்து வந்து மறைந்தன. அடியில் போய் முடிந்ததும் மறுபடி மேலிருந்து உருட்டினார், முதலில் பார்த்தது பிழையாக இருக்கலாம் என்பது மாதிரி.

வெளியே நடைபாதையில் பிரேமா நின்றாள். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். நிறுத்தாமல் மருந்து ஏற்றியிருந்தால் இது வந்திருக்காதா என்று கேட்டாள்.

தெரியாது என்றேன். அறிவியலின்படி அது சரியான பதில். சில பிள்ளைகளுக்கு எல்லா மருந்தும் ஏற்றிய பிறகும் வரும். ஆனால் முந்தின நாள் அபிக்குச் சொன்ன 'தெரியாது' என்பதும் இதுவும் ஒன்றல்ல. பிரேமாவும் அதைக் கண்டுகொண்டாள் என்று நினைக்கிறேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

நோவு தாங்க முடியாமல் இருந்ததால் காலை எடுத்தார்கள். பிறகு கீமோவையும் மறுபடி தொடங்கினார்கள். நான் விடுமுறை முடிந்து திரும்பிவிட்டேன். கவின் விமான நிலையத்துக்கு வந்திருந்தான். கொழும்பு எப்படி இருந்தது என்று டொச்சில் கேட்டான். சூடு என்றேன்.

அவனிடம் இன்றுவரை சொல்லவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளையின் தலையில் அதை எப்படி ஏற்றுவது? இப்போது அவனுக்கு வயது கூடிவிட்டது, இப்போதும் தெரியவில்லை. விளங்காத இடத்தில் 'ஓம்' சொல்லாதே, 'விளங்கேல்ல' என்று சொல் என்று மட்டும் பழக்கினேன். அந்தச் சொல்லைச் சுத்தமாகச் சொல்கிறான். சொந்தக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளைக்குத் தமிழைச் சொல்லிக் கொடுக்காமல் விட்டுவிட்டாய் என்கிறார்கள். முந்தி அவன் எல்லாவற்றுக்கும் ஓம் என்றபோது ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதனால்தான் இதை இங்கே எழுத முடிகிறது.

8

சித்திரை வருஷத்துக்குக் கொஞ்சம் முன்னால் அபி செத்துப்போனாள். மூச்சு எடுக்க முடியாமல் ஒக்சிஜனில் இருந்தாள். ரஞ்சன் கூப்பிட்டபோது நான் நிலக்கீழ்த் தளத்தில் இன்னொரு பிள்ளையின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளையின் தாய் வெளியே காத்துக்கொண்டிருந்தாள். படத்தைப் பார்த்து முடித்து, அவளிடம் போய்ச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் ரஞ்சனைத் திரும்பக் கூப்பிட்டேன்.

அடுத்த நாளே எடுத்தார்கள். என்னால் போய்ச் சேர முடியவில்லை. யாரோ ஒருவர் உடலை வைத்திருந்த மலர்ச்சாலையிலிருந்து தொலைபேசியில் நேரடியாகக் காட்டினார். சமையலறை மேசையில் தொலைபேசியைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்தேன். படம் அடிக்கடி நின்று நின்று வந்தது. பெட்டியில் இடுப்புக்குக் கீழே வெள்ளைத் துணி போர்த்திருந்தார்கள். பிரேமா அபியின் விளையாட்டுச் சப்பாத்துகளைக் கொண்டுவந்து கால்மாட்டில் வைத்தாள். இரண்டையும் வைத்தாள். இடைவெளி விட்டு, சரியாகப் பக்கத்தில் பக்கத்தில். பிறகு படம் நின்றுவிட்டது. திரும்ப வந்தபோது கனத்தை மயானத்துக்குப் போகிற வாகனத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

கவின் பள்ளிக்கூடத்தால் வந்து, நான் அழுகிறதைப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்தான். யார் என்று கேட்டான். என் சினேகிதியின் மகள் என்றேன். தனக்குத் தெரியுமா என்று கேட்டான். தெரியாது என்றேன்.

பிரேமா என்னோடு நெடுநாள் கதைக்கவில்லை. நான் அனுப்பிய செய்திகளை வாசித்ததாக நீலக் குறி விழும், பதில் வராது. பிறகு ஒருநாள் தானாகவே கூப்பிட்டாள். வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த தொடர்மாடியை இடிக்கப்போகிறார்களாம், தெரியுமா என்று கேட்டாள். அதற்குப் பிறகு கிழமைக்கு ஒருமுறை கதைக்கிறோம். வெக்கை, மின்வெட்டு, ரஞ்சனின் கடை. அபியின் பெயர் வருவதில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் அந்த மருந்தைப் பிள்ளைகளில் பரிசோதிக்க இங்கே அனுமதி கிடைத்தது. வேறு எந்த மருந்துக்கும் நோய் கேட்காமல் போன பிள்ளைகளுக்கு மட்டும், மிகவும் சிறிய அளவில். சுகம் வருமா என்று பார்ப்பதற்கு அல்ல, பிள்ளையின் உடம்பு அதைத் தாங்குமா என்று பார்ப்பதற்கு. எலியில் நடந்தது மனிதரில் நடக்கும் என்று எங்களில் ஒருவரும் சத்தியம் செய்யமாட்டோம். முதலாவது பிள்ளைக்கு ஏற்றினோம். எந்த இணையத்தளமாவது எழுதுவதற்கு முன் பிரேமாவுக்கு நானே சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே கூப்பிட்டேன்.

சொன்னேன். அவள் அடுப்படியில் நின்றாள் போல, தண்ணீர்க் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. அதை மூடினாள்.

"ஆம்பிளைப் பிள்ளையோ, பொம்பிளைப் பிள்ளையோ?"

"சொல்ல ஏலாது பிரேமா. அது சட்டம்."

"தாய் பக்கத்தில நிக்கிறாவோ?"

"நிக்கிறா."

குழாயை மறுபடி திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

"அந்தப் பிள்ளை பிழைச்சா எனக்குச் சொல்லாத வாணி" என்றாள். பிறகு, "செத்தாலும் சொல்லாத."

சரி என்றேன். ரஞ்சனுக்கு இரத்தத்தில் சீனி கூடியிருக்கிறது, என்ன சாப்பிடக் கொடுக்கலாம் என்று கேட்டாள். அதைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்தோம்.

இதை எழுதப்போகிறேன் என்று பிரேமாவிடம் சொல்லியிருக்கிறேன். வந்ததும் அனுப்பு, வாசிக்கிறன் என்றாள். ஆகவே அந்தப் பிள்ளையைப் பற்றி இதற்கு மேல் நான் இங்கே எழுதவில்லை.